ஒரு தட்டு என்றால் சரி

மே 12, ஞாயிறு

கனடா வந்து சேர்ந்தேன். ஊர் பெயர் கெல்ப். இருபத்திரண்டு மணி நேரப் பயணத்தில் கால் இரண்டும் வீங்கிவிட்டன. திருச்சியில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு இன்ஸ்ட்ரக்டராக முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். தினமும் அன்றைய வேலையை டைரியில் எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இங்கே கையெழுத்துப் போட முதல்வர் இல்லை. நல்லதாகப் போயிற்று.

மகன் மாறன் காரில் வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். இந்த ஊர்க் குளிருக்குக் குரல் அடங்கிவிடும் போலிருக்கிறது. மருமகள் செண்பகாவும் முணுமுணுப்புத்தான்.

மே 14, செவ்வாய்

கார் நிறுத்தும் அறையில், பனிக்கால டயர்களுக்குப் பின்னால், சவப்பெட்டி நீளத்தில் இரண்டு மரப்பெட்டிகள். என்னடா என்று கேட்டேன். ஏரோப்ளேன் என்றான். அதாவது அதன் வால்.

வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் விமானமாம். இரண்டு பேர் உட்காரலாம். வால், இறக்கை, உடல் என்று தனித்தனிப் பெட்டியாக வரும், முதலில் வால். தகடும் சட்டமும் அவற்றைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளும் புத்தகமும் தருவார்கள், மீதி நம் கை. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கியிருக்கிறான். ஒரு சட்டத்தில் துளை கோணலாகப் போட்டுவிட்டு, மனசு விட்டுப்போய், மூடி வைத்துவிட்டானாம்.

திறந்து பார்த்தேன். அலுமினியத் தகடு. அரை மில்லிமீட்டர் கனம். விளிம்பைத் தடவினால் சில்லென்று இருக்கிறது. கண்ணாடியாகப் பளபளக்கிறது.

அவன் போட்ட துளையையும் பார்த்தேன். துளை விளிம்பில் நிற்கும் பிசிறை, பர் என்போம், எடுக்கவே இல்லை. என் மகன்!

மே 19, ஞாயிறு

சாப்பிடும்போது செண்பகா விஷயத்தைச் சொன்னாள். பறக்கும் கிளப்பில் ஒருவர் பெட்டிகளை அப்படியே கேட்கிறாராம். வரும் குளிர்காலத்துக்கு முன் கொடுத்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

"நான் அக்டோபர் பத்தொம்போது வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள வாலை முடிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

மாறன் சிரித்தான். "அம்மா, இது ஜன்னல் கிரில் இல்லம்மா. உள்ள மூடுறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வந்து ஒவ்வொரு ரிவெட்டா பார்ப்பாரு. அவரு ஓகே சொன்னாத்தான் மேற்கொண்டு."

"பார்க்கட்டுமே. நான் எத்தனை பேரோட ஜாபைப் பார்த்திருக்கேன்!"

கடைசியில் ஒப்பந்தம் இதுதான். நான் விமானம் ஏறுவதற்குள் வால் ஆய்வில் தேறினால் இறக்கைப் பெட்டிகளுக்குச் சொல்லிவிடுவான். தேறாவிட்டால் கிளப்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவார். ஐந்து மாதம். செண்பகா வாக்குக் கொடுத்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மே 27, திங்கள்

தொடங்கினேன். பட்டறை மேசை, வைஸ், அரங்கள், டிரில். எல்லாவற்றையும் துடைத்து, வரிசைப்படுத்தி, பெயர் ஒட்டினேன். ஊரிலிருந்து என் ஸ்க்ரைபரைக் கொண்டுவந்திருந்தேன். தகட்டில் கோடு கீறும் எஃகு ஊசி அது. முதல் சம்பளத்தில் வாங்கியது. பெட்டியில் புடவை மடிப்புக்குள் வைத்து எடுத்து வந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் விமானத் தொழிற்சாலை ஒன்றில் அப்ரண்டிஸ் இன்டர்வியூவுக்கு எனக்கு அட்டை வந்தது. அதே தேதியில் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அதற்காக ஒன்றும் வருத்தமில்லை. சும்மா நினைவு வந்தது, எழுதினேன்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. இந்த ஊர்க் குக்கர் விசிலே அடிப்பதில்லை.

ஜூன் 8, சனி

சம்பந்தியம்மாள் வந்து இறங்கினார். அவரும் அக்டோபர் வரைக்கும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டில் விருந்தினர் அறை ஒன்றே ஒன்று. கட்டில் இரண்டு. நடுவில் ஒரு முழம் இடைவெளி.

ஜூன் 9, ஞாயிறு

இதை எழுதி வைக்காவிட்டால் எனக்கு ஆறாது. மூன்று வருடத்துக்கு முன், கல்யாண மண்டபத்தில், நான் மாப்பிள்ளையின் அம்மா, பட்டுப்புடவையில் நிற்கிறேன். லேசாகத் தலை சுற்றியது. இந்த உலகம்மாள் இருக்கிறாரே, தென்காசிக்காரர், பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்தவர், எங்கிருந்தோ ஒரு பிரஷர் மெஷினைக் கொண்டுவந்து, நானூறு பேர் நடுவில் என் கையில் பட்டையைக் கட்டி, "சம்மந்தியம்மாவுக்கு நூத்தி எழுவத்தெட்டு! உப்பில்லாம தனியா இலை போடுங்க!" என்று சமையற்கட்டு வரை கேட்கக் கத்தினார். என் வீட்டுக் கல்யாணத்தில் உப்பில்லாத சாம்பார் சாப்பிட்டவள் நான் ஒருத்திதான்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் மரியாதையாகப் பேசிக்கொள்வோம். அதாவது பேசிக்கொள்வதில்லை.

ஜூன் 21, வெள்ளி

வாலில் கிடையாக நீளும் பகுதி படுக்கை வால், அதன் எலும்புச் சட்டங்கள் தயார். துளைகளில் ஸ்பிரிங் ஊசிகள் மாட்டி (க்ளீக்கோ என்கிறார்கள், பார்க்க அழகு) தகட்டை மேலே போர்த்தி நிறுத்திவிட்டேன். இனி ரிவெட் அடிக்க வேண்டும். இது ஒருவர் வேலை இல்லை. வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையில் அடிக்க, உள்ளே இன்னொருவர் அதன் வாலில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் கட்டைக்கு டாலி என்று பெயர்.

மாறனை டாலி பிடிக்கச் சொன்னேன். துப்பாக்கி சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்கிறான். ஆறு ரிவெட் அடித்தோம், ஆறும் கோணல். டிரில் வைத்து எடுத்தேன். செண்பகா நகம் போய்விடும் என்று பயந்தாள். அவள் வயதுக்கு அந்த நகம் நியாயம்தான், ஆனால் எனக்கு டாலி பிடிக்க ஆள் இல்லை.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் உள்ளே வந்து, மாறன் கையிலிருந்து டாலியை வாங்கிக்கொண்டார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். கட்டையை எடைபார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு விமான வாலுக்குள் கையை விட்டார்.

அடித்தேன். ரிவெட்டின் வால் வட்டமாக, சமமாக, சின்னப் பொத்தான் மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்னொன்று அடித்தேன். அதுவும் அப்படியே.

அந்தக் கை ஆடவே இல்லை.

ஜூன் 22, சனி

பிரச்சினை என்னவென்றால், உள்ளே ரிவெட் எப்படி விழுந்தது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்ல வேண்டும், நான் கேட்க வேண்டும். துப்பாக்கிச் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. துப்பாக்கி நின்ற பிறகும் அவர் உதட்டுக்குள்ளேயே பேசுகிறார். இரண்டு தடவை "என்ன?" என்றேன். மூன்றாம் தடவை கேட்பது எனக்குப் பிடிக்காது. சரி என்று நினைத்து அடித்தேன், அது சரியில்லையாம்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அப்படியொரு பார்வை உண்டு. பிறகு டாலியால் தகட்டில் தட்டிக் காட்டினார். ஒரு தட்டு: சரி, அடுத்ததுக்குப் போகலாம். இரண்டு தட்டு: இன்னும் கொஞ்சம் அடி. மூன்று தட்டு: நிறுத்து, கெட்டுவிட்டது.

அலுமினியத்தில் கை வைத்திருந்தால் தட்டு உள்ளங்கைக்கே வந்துவிடுகிறது. நாங்கள் பேசிக்கொள்ளாததால் இந்த ஏற்பாடு வசதியாக இருக்கிறது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

காதுக்குக் கவசம் மாட்டிக்கொண்டே தீர வேண்டும் என்றும் அடம்பிடித்தார். என் முகத்துக்கு நேராக வந்து நின்று, "இருக்கதையாவது காப்பாத்துங்க டீச்சர்" என்றார். என்ன பேச்சோ. கண்ணைச் சொல்கிறாரா, கையைச் சொல்கிறாரா?

டீச்சராம்.

ஜூலை 6, சனி

நாற்பத்திரண்டு ரிவெட். நாற்பத்திரண்டு ஒற்றைத் தட்டு.

ஜூலை 15, திங்கள்

படுக்கை வால் முடிந்தது. முனையில் இரண்டு தகடும் கூடுமிடத்தில் என் கை போகவில்லை, மாறன் கை போகவே போகாது. சிஸ்டரின் மெலிந்த கை முழங்கை வரை உள்ளே போய், பார்க்காமலே ரிவெட்டைக் கண்டுபிடித்தது. "வயித்துக்குள்ள பாக்காமத்தான் தேடணும். இது என்ன பெருசு" என்றார்.

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வாலைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தோம். இரண்டரை மீட்டர் நீளம். ஒரு குழந்தையின் எடைகூட இல்லை. மடியில் வைத்தால் வைத்துக்கொள்ளலாம். நான் அதைத் தட்டிக் கொடுத்தேன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து. அவர் பார்த்துவிட்டார்.

காலையில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் என் பிரஷர் மாத்திரை இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

நெட்டுக்குத்து வாலும் முடிந்தது. சுக்கானும் முடிந்தது, படகில் இருப்பது போலத்தான், இடம் வலம் திருப்ப. மிச்சம் எலிவேட்டர் இரண்டு. மூக்கை ஏற்றவும் இறக்கவும் படுக்கை வாலுக்குப் பின்னால் மடங்கும் பலகைகள். செண்பகா அலுவலகத்தில் எல்லோருக்கும் படம் காட்டுகிறாளாம். மே மாதம் சிரித்தவள்தான்.

ஆகஸ்ட் 3, சனி

வலது எலிவேட்டர். தகட்டின் உட்புறத்தில் வரிசையாக விறைப்புப் பட்டைகள் வரவேண்டும். அவற்றின் இடத்தைக் குறிக்க வேண்டும். புத்தகத்தோடு வந்த மார்க்கர் பேனா பட்டையாக எழுதுகிறது. அரை மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்றே தெரியாது. என் மாணவன் எவனாவது பேனாவால் கோடு போட்டிருந்தால் ஸ்கேலால் விரலில் போட்டிருப்பேன்.

ஸ்க்ரைபரை எடுத்தேன். ஏழு கோடுகள். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் மயிரிழை பிசகில்லை. நாற்பது வருடக் கை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

புத்தகம் ஐந்தாம் பக்கம், கட்டம் போட்டு: தகட்டில் எக்காரணம் கொண்டும் கூர்முனையால் கீறக்கூடாது, காற்றில் அதிர்ந்து அதிர்ந்து, கீறிய இடத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும், பேனா மட்டுமே.

மே மாதமே படித்திருக்கிறேன். பக்கத்தில் என் கையாலேயே "தெரியும்" என்று எழுதியிருக்கிறேன்.

இது தொடக்கநிலைக்காரர்களுக்கு எழுதியதாக இருக்கும். கையழுத்தம் தெரியாதவர்களுக்கு. என் கோடு மெல்லிசு. பச்சை பிரைமர் பூசிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. பூசிவிட்டேன். தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பட்டை பொருத்தி முதல் ரிவெட்டை வைத்தேன். துப்பாக்கியை இன்னும் அழுத்தவே இல்லை. உள்ளங்கையில் வந்தது.

டொக். டொக். டொக்.

"இன்னும் அடிக்கவே இல்லையே!" என்றேன்.

மறுபடியும் மூன்று.

அவர் டாலியை மேசையில் வைத்துவிட்டு, சுற்றி வந்து என் முகத்துக்கு நேராக நின்றார். பெயின்டுக்கு முன்னால் தகட்டைத் துடைத்தது அவர்தான். "துடைக்கையில நகம் மாட்டுச்சு. ஏழு இடத்துல. சொன்னேன், நீங்க திரும்பல."

"பிரைமர் அடிச்சாச்சு. யாருக்குத் தெரியப் போவுது?"

"நமக்குத் தெரியும்லா."

"மயிரிழைக் கோடு அது. நான் எத்தனை வருஷம் சர்வீஸ் தெரியுமா உங்களுக்கு?"

"டீச்சர், நான் முப்பத்திமூணு வருஷம் தியேட்டர்ல நின்னவ. வயித்தை மூடுததுக்கு முன்னால பஞ்சு எத்தனை, கத்திரி எத்தனைன்னு எண்ணுவோம். ஒண்ணு குறைஞ்சாலும் டாக்டர் எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் தைக்க விடமாட்டேன். இதையும் மூட விடமாட்டேன். உள்ள உக்காரப் போறது உங்க பையனும் எம் பொண்ணும்."

நானும் விடவில்லை. கல்யாண மண்டபத்தில் நானூறு பேர் நடுவில் மானத்தை வாங்கியவர் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். மூன்று வருடமாக வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன்.

அவர் இடுப்பில் செருகியிருந்த தலைப்பை எடுத்துவிட்டார். பிறகு சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கும் நூத்தி எழுவத்தெட்டுதான் இருந்துச்சு. எங்க கொழுந்தனார் கல்யாணத்துல. நாலு பேரு முன்னால சொல்ல வேண்டாம்னு நான் பேசாம இருந்துட்டேன்."

உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வேலை நடக்கவில்லை. மாத்திரை மட்டும் காபிக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

நான் இன்ஸ்ட்ரக்டராக இருந்தபோது, அளவு தப்பிய ஜாபை மாணவன் கண்ணெதிரில் சிவப்பில் "கழிவு" என்று எழுதிக் கழிவுப் பெட்டியில் போடுவேன். தேதியும் கையெழுத்தும் இருக்கும். அழுவார்கள். பெண்பிள்ளைகள் அழமாட்டார்கள், முறைப்பார்கள். எனக்கு முறைப்பவர்களைத்தான் பிடிக்கும்.

இன்று காலை மாறனையும் செண்பகாவையும் சிஸ்டரையும் பட்டறைக்குக் கூப்பிட்டேன். வலது எலிவேட்டர் தகட்டை நிமிர்த்தி வைத்து, சிவப்பு மார்க்கரால் குறுக்கே "கழிவு" என்று எழுதினேன். தேதி. அதற்குக் கீழே "ஸ்க்ரைபரால் கீறியது. தவறு என்னுடையது. மரகதவல்லி, இன்ஸ்ட்ரக்டர்." தகட்டைச் சுவரில் மாட்டினேன். கட்டுமானப் பதிவேட்டிலும் அதையே எழுதிப் படமெடுத்து ஒட்டச் சொன்னேன்.

எழுதும்போது வெட்கமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அறுபத்து மூன்று வயதில் முதல் கழிவு.

"அம்மா, புதுத் தகடு வர ரெண்டு வாரம் ஆகும். அப்புறம் இன்ஸ்பெக்டர் தேதி... பரவால்லம்மா, இதுவரைக்கும் செஞ்சதே பெருசு. வித்துடலாம்" என்றான் மாறன்.

நான் பதில் சொல்வதற்குள் சிஸ்டர் முந்திக்கொண்டார். "எதுக்கு விக்கணும்? தகடுக்கு எழுதிப் போடுங்க மாப்பிள்ளை. நாங்க செஞ்சுக்கிடுதோம்."

நாங்களாம்.

ஸ்க்ரைபரைத் துணியில் சுற்றிப் புடவை மடிப்புக்குள் திரும்ப வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

தகடு வந்தது. நடுவில் பதினைந்து நாளும் சும்மா இருக்கவில்லை, இடது எலிவேட்டர் தகட்டில் பட்டைகளை அடித்து முடித்தோம். புதுத் தகட்டில் மார்க்கர் பேனாவால் குறித்தேன். முனையைச் சீவி மெல்லிசாக்கினால் அதுவும் கோடு போடத்தான் செய்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே வேலை.

எலிவேட்டர் தகட்டை நடுவில் கத்தி விளிம்பாக மடிக்க வேண்டும். மடிப்பு கொஞ்சம் உப்பினாலும் காற்றில் துடிக்குமாம். இரண்டு நீளப் பலகைக்குக் கீல் போட்டு, தகட்டை நடுவில் வைத்து மேலிருந்து அழுத்த வேண்டும். நான் அழுத்தினேன், போதவில்லை. மாறன் அழுத்தினான், ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரே சீராக எடை விழ வேண்டும்.

சிஸ்டர் ஒரு யோசனை சொன்னார். நான் ஒரு முனையில், அவர் ஒரு முனையில், ஒரே நேரத்தில் பலகைமேல் உட்கார்ந்தோம். சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே பலகையில். கீழே தகடு மெதுவாகப் படிவது உடம்பில் தெரிந்தது.

"டீச்சர், நீங்க கொஞ்சம் நடுவுல வாங்க. உங்க பக்கம் எடை சாஸ்தி."

"உப்பில்லாம சாப்பிட்டும் இப்படி" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பலகை ஆடியது. நானும் சிரித்தேன். செண்பகா ஓடிவந்து படமெடுத்தாள். எழுந்து பார்த்தோம். மடிப்பு ஸ்கேல் வைத்த மாதிரி நேர்.

செப்டம்பர் 30, திங்கள்

உள்வேலை எல்லாம் முடிந்தது. கடைசி மூடுதகடுகளை மட்டும் ஆய்வுக்காகத் திறந்து வைத்திருக்கிறோம். இன்ஸ்பெக்டர் அக்டோபர் பதினொன்று தேதி கொடுத்திருக்கிறார். கடுமையான ஆளாம், போன மாதம் கிளப்பில் ஒருவருடைய இறக்கை முழுவதையும் பிரித்து மறுபடி செய்யச் சொல்லிவிட்டாராம். அதன் பிறகு எனக்குக் கிளம்ப எட்டே நாள்.

பயமாக இருக்கிறது. இன்டர்வியூவுக்குப் போகிற மாதிரி. போயிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. முழுவதையும் எழுதுகிறேன்.

காலையில் சிஸ்டர் சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் பட்டறைக்கு வந்தார். நான் குறுக்கே விழாத குறைதான். ஈரச் சந்தனமும் குங்குமமும் அலுமினியத்தில் பட்டால் அரிக்கும். அவர் முகம் விழுந்துவிட்டது. பொட்டில்லாமல் பூஜையா என்கிறார். எனக்கும் மனசு கேட்கவில்லை. கடைசியில் சிவப்பு மார்க்கரை எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் பக்கம் அனுமதித்த பேனா. படுக்கை வாலுக்கு ஒன்று, நெட்டுக்குத்து வாலுக்கு ஒன்று, சுக்கானுக்கு ஒன்று, எலிவேட்டர்களுக்கு ஒவ்வொன்று என்று வட்டமாகப் பொட்டு வைத்தார். துப்பாக்கிக்கும் டாலிக்கும் மட்டும் அசல் சந்தனம். பொரி கடலை ஒரு தட்டில்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வாரன் என்று பெயர். எழுபது வயதிருக்கும். உதடே தெரியாத வெள்ளைத் தாடி. அந்தத் தாடியைப் பார்த்ததும் எனக்குப் பயம் கூடிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும், இதுவரை எழுதவில்லை.

பொட்டுகளைப் பார்த்து மாறனிடம் ஏதோ கேட்டார், அவன் ஏதோ சொன்னான். பிறகு டார்ச்சும், குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியும் எடுத்தார். இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு துளைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அளவுத்தகட்டை ரிவெட் வால்களில் வைத்து வைத்துப் பார்த்தார். சிஸ்டர் கை விட்ட அந்த இடுக்கில் கண்ணாடியை விட்டு வெகுநேரம் அசையாமல் இருந்தார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் எதிர்ப்பக்கம் டாலிக்குப் பக்கத்தில்.

பதிவேட்டைப் புரட்டினார். ஆகஸ்ட் ஏழாம் தேதிப் பக்கத்தில் நின்றார். தலையைத் தூக்கி, சுவரில் மாட்டியிருந்த தகட்டைப் பார்த்தார். எழுந்து போனார். தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாது, ஆனால் கீறலைத் தேடி நகத்தால் தடவினார். மாட்டியது. என் பக்கம் திரும்பி விரலால் சுட்டினார், நீயா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

பிறகு நடு அறையில் நின்று பேசத் தொடங்கினார். தாடி அசைந்தது. அவ்வளவுதான். ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை. மாறனைப் பார்த்தேன், அவன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். அழுகிறானா, சிரிக்கிறானா? செண்பகா எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். தாடி அசைந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் பேசுகிறார் என்றால் குறை பட்டியல்தான் என்று நினைத்தேன். ஐந்து மாதமும் போயிற்று, பெட்டி போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

சிஸ்டர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஆஸ்பத்திரிப் பார்வை. டாலியை எடுத்தார். நான் கை வைத்திருந்த மேசையின் விளிம்பில் தட்டினார்.

டொக்.

இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் டாலியை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஒன்றே ஒன்று.

நான் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. மேசையைச் சுற்றி ஓடினேன் என்கிறாள் செண்பகா. "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேனாம். அவரைக் கட்டிக்கொண்டேன், அது நினைவிருக்கிறது. அந்த மெலிந்த கை என் முதுகில் தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது, எண்ணவில்லை.

பிறகு மாறன் என் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக, வாரன் சொன்னதைச் சொன்னான். குறை ஒன்றும் இல்லையாம். பதினெட்டு வருட ஆய்வில் கழித்த தகட்டைச் சுவரில் மாட்டிப் பதிவேட்டிலும் எழுதிய முதல் ஆள் நானாம். கெட்டதை எழுதியவர்கள் நல்லது என்று எழுதியதை நம்பலாம் என்றாராம். வாலுக்குள்ளே கை விட்டது யார் என்றும் கேட்டாராம். வாரனுக்குப் பொரி கடலை கொடுத்தோம். தாடியெல்லாம் பொரி.

சாயங்காலம் மாறன் இறக்கைப் பெட்டிகளுக்குச் சொல்லிவிட்டான். கிளப்காரரிடம் வரவேண்டாம் என்று சொல்லும்போது அவன் குரல் எனக்கே கேட்டது.

இனி எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். எனக்கு இடது காது கேட்காது. பட்டறைச் சத்தத்தில் போனது, பத்து வருடம் ஆகிறது. வலது காது பாதி. குக்கர் மேல் தப்பில்லை. உதடு பார்த்துத்தான் சமாளித்து வந்தேன். சிஸ்டர் இதை ஜூன் இருபத்திரண்டாம் தேதியே கண்டுபிடித்துவிட்டார். நூத்தி எழுபத்தெட்டை நானூறு பேருக்குச் சொன்னவர், இதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். முதல்வர் கையெழுத்துப் போடும் இடம் இத்தனை நாளாகக் காலியாகத்தான் இருக்கிறது.

பார்வையிட்டேன். எல்லாம் சரி. காது மெஷினுக்கு ஊருக்குப் போனதும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். இன்றைக்கு மாத்திரை நீங்கள் இன்னும் போடவில்லை.
உலகம்மாள், சிஸ்டர்